நம்ம ஆம்புலன்ஸுக்கு ஸ்ட்ரோக் கண்டுபிடிக்கிற மிஷின் வாங்கணும், உங்க பங்கும் வேணும்

எல்லாருக்கும் வணக்கம். ஆம்புலன்ஸ் கமிட்டி சார்பா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நாம எல்லாரும் சேந்து ஓட்டிட்டு இருக்கிற வண்டியில, வந்திருக்கிறது பெரிய ஸ்ட்ரோக்கான்னு தலையில மாட்டிப் பாக்குற ஒரு சின்ன மிஷின் வைக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம், அதுக்குத்தான் பணம் கேக்குறோம்.

நம்ம பொருளாளரோட அண்ணன் விஷயம் பாதி பேருக்குத் தெரியும். காலைல சட்டை போட்டுட்டு நின்னவரு, மூணாவது பட்டன் காஜாக்குள்ள போகவே மாட்டேங்குது, வலது கைய வச்சு முட்டி முட்டிப் பாக்குறாரு. "காஜாவ சின்னதா தச்சுட்டான்டா"ன்னு சிரிச்சிருக்காரு, பாத்தா சிரிப்பு ஒரு பக்கம் மட்டும் வருது. வீட்ல உடனே புரிஞ்சு போன் பண்ணிட்டாங்க, நம்ம வண்டிதான் போச்சு, டிரைவர் பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்கு விட்டாரு, யாரா இருந்தாலும் அதத்தான் செய்வோம். அங்க ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டி கரைக்கிற ஊசியும் போட்டுட்டு, அப்புறம் சொல்றாங்க மூளைக்குப் போற பெரிய ரத்தக்குழாயே அடைச்சிருக்கு, தொடை வழியா டியூப் விட்டு கட்டிய இழுத்து எடுக்கணும், இங்க அந்த வசதி இல்லன்னு. மறுபடி வண்டி, மறுபடி அட்மிஷன். இப்போ அண்ணன் நடக்குறாரு, ஆனா எதக் கேட்டாலும் "சரி சரி"ங்கிற ஒரு வார்த்தைதான் வாயில வருது, வேண்டாம்னு சொல்லவும் அதேதான்.

பெரிய குழாய் அடைச்சா நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் நியூரான், அதாவது மூளை நரம்பு செல், சாகுதுன்னு 2006லயே கணக்கு போட்டிருக்காங்க. ஊசிக்கு பொதுவா நாலரை மணி நேரம்தான் டைம், பெரிய கட்டிக்கு அது மட்டும் பல நேரம் பத்தாது. கட்டிய இழுத்து எடுக்கிற சிகிச்சை நல்லா பலன் தருதுன்னு 2015ல அஞ்சு ஆய்வு வரிசையா வந்துச்சு, 2018க்கு அப்புறம் சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும்கூட செய்றாங்க, ஆனா எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது எல்லா ஆஸ்பத்திரியிலயும் கிடையாது, அதுதான் பிரச்சினையே. முகம் கோணுதா, கை இறங்குதா, பேச்சு குழறுதான்னு பாக்குறது ஸ்ட்ரோக்கா இருக்கலாம்னு சொல்லிடும், ஆனா எந்தக் குழாய்னு உறுதியா சொல்லாது.

இந்த மிஷின் ரெண்டு மூணு விதமா இருக்கு. ஒண்ணு நெத்தியச் சுத்தி மாட்டுற வைசர், மெல்லிசான ரேடியோ அலைய மூளை வழியா அனுப்பி இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாக்கும், ரத்தம், நீர் அளவு ஒரு பக்கம் மாறியிருந்தா அலையும் மாறி வரும். செரிப்ரோடெக் கம்பெனியோட வைசர் பெரிய ஸ்ட்ரோக்க 92 சதவீதம் சரியா பிரிச்சுச்சுன்னு 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு. இன்னொண்ணு மூளையோட மின் அலைய அளக்குற இஇஜி தொப்பி, ரத்தம் போகாத பக்கம் மூளை அலை மந்தமாயிடும், அதப் பிடிக்கும், நெதர்லாந்துல இத ஆம்புலன்ஸ்லயே வச்சு சோதிச்சிருக்காங்க. ஊசி கிடையாது, ரத்தம் எடுக்கிறது கிடையாது. டெமோவுக்கு ஒண்ணு வந்தப்ப மொதல்ல பொருளாளர் தலையிலதான் மாட்டினோம், கொஞ்ச நேரம் ஆடாம பேசாம இருங்கன்னா மனுஷன் அதுக்குள்ள மூணு தடவ "வருதா வருதா"ன்னு கேட்டுட்டாரு, ரீடிங் எடுக்கவே முடியல.

ஒண்ணு தெளிவா சொல்லிடுறேன், இது ஸ்கேனுக்கு பதில் இல்ல. இத வச்சு யாருக்கும் ஊசி போட முடியாது, போடவும் கூடாது, ஏன்னா அடைப்பா ரத்தக்கசிவான்னு சிடி ஸ்கேன் பாத்தே ஆகணும். தப்பாவும் காட்டும், குலுங்குற வண்டியில ஆய்வுல வந்த அதே நம்பர் வரும்னு நான் நம்பல. எங்க கமிட்டி டாக்டரே மொதல்ல "பொம்மைக்கு எதுக்கு இவ்வளவு காசு"ன்னாரு. அவர் கேட்டதாலதான் ரெண்டு கண்டிஷன் போட்டோம்: அரசு அனுமதி இருக்கிற மிஷின் மட்டும்தான் வாங்குவோம், வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நரம்பியல் டாக்டர் பாத்து ஓகே சொல்லணும். எந்த ஆஸ்பத்திரிக்கு நேரா போறதுன்னு முடிவெடுக்க உதவும், அவ்வளவுதான் இதோட வேலை. அண்ணனுக்கு அன்னைக்கு அந்த ஒண்ணுதான் தேவைப்பட்டுச்சு.

மிஷினுக்கு மட்டும் பணம் கேக்கல, வண்டியில போற பசங்களுக்கு டிரெயினிங், பேட்டரி, சர்வீஸ், தேயுற பட்டை எல்லாம் சேத்துதான். மிஷின வாங்கிட்டு சர்வீஸ் இல்லாம அலமாரியில தூங்க விட்ட கதை நமக்கு ஏற்கனவே ஒண்ணு இருக்கு, அத இங்க கிளற வேண்டாம். பணம் கமிட்டி அக்கவுண்ட்ல மட்டும் போடுங்க, தனி ஆளுக்கு அனுப்பாதீங்க, ரெண்டு பேர் கையெழுத்து இல்லாம எடுக்க முடியாது. தேவையான பணம் சேரலன்னா, இல்ல டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டா, கொடுத்தவங்களுக்கே திருப்பிடுவோம். தொகை எவ்வளவா இருந்தாலும் ரசீது உண்டு.

அனுப்பும்போது உங்க பேர லிஸ்ட்ல போடலாமா வேண்டாமான்னு ஒரு வரி சேத்து எழுதிடுங்க, போன தடவ பேர் போட்டதுக்கு ஒருத்தரும் போடாததுக்கு ஒருத்தரும் கோச்சுக்கிட்டாங்க.