தேவிக்கு அம்மா எழுதுவது

அன்பு மகள் தேவிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் பழையபடிதான். போனில் சர்க்கரைப் பேச்சை எடுத்தாலே "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். வளைகாப்புக்கு வந்தபோது பிரிட்ஜில் முட்டைக்குப் பின்னால் இருந்த இன்சுலின் பேனாவை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்.

பொதுவாகச் சொல்கிறேன். குழந்தைக்கு ஆகாது என்று பயந்து ஊசியை வேளை தவறவிடும் பெண்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். தாய் போட்டுக்கொள்ளும் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. தாண்டுவது சர்க்கரைதான். அது மிகுந்தால் வயிற்றுப் பிள்ளையின் கணையமே இன்சுலினை அள்ளிச் சுரக்கப் பழகிவிடும். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுபோகும், சுரப்பு மட்டும் உடனே அடங்காது. முதல் ஓரிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை சரிவது அதனால்தான். நான்கு கிலோவில் பிறந்து, பார்ப்பவர்கள் எல்லாம் கண்வைக்கும் குழந்தையைத்தான் நாங்கள் கூடுதலாகக் கவனிப்போம். கை வெடவெடக்கும். மெல்லப் பிடித்தால் நின்றுவிடும். சில குழந்தைகள் அதையும் காட்டாமல், பாலுக்கு எழாமல் தூங்கும். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பிறந்த அன்று 50, 60 என்று இருந்தால் பதறாதே. 45க்குக் கீழே போனால்தான் டாக்டரைக் கூப்பிடுவோம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடு. சீம்பால் சில சொட்டுதான் வரும், அது போதும். மார்போடு ஒட்டி வைத்துக்கொள், உடம்பு குளிர்ந்தாலும் சர்க்கரை இறங்கும். உன் மாமியார் சேனை வைக்க வெள்ளிக் கிண்ணமும் தேனும் எடுத்து வைத்திருக்கிறார்களாம். குழந்தை வாயில் தேன் படவே கூடாது. அவர்கள் மனம் நோகாமல் மாப்பிள்ளை சொல்லட்டும். ஆஸ்பத்திரியில் கன்னத்தின் உள்பக்கம் சர்க்கரை ஜெல் தடவினால் தடுக்காதே. அது அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்து.

பெரியக்கா வீட்டில் நடந்தது உனக்குத் தெரியும். அதை எழுதப் போவதில்லை.

அலுவலகத்தில் பத்துப் பேருக்குக் கணக்குச் சரிபார்த்துக் கொடுக்கிறாய் என்று தெரு முழுக்கப் பெருமை பேசுகிறேன். உன் சர்க்கரைக் கணக்கைக் குறித்து வைக்க மட்டும் உனக்கு நேரமில்லை! பிரசவ அறைக்குள் போகும்போதே விவரத்தைச் சொல்லிவிடு, அங்கேயும் மறைத்து வைக்காதே. ஒரு மணி நேரத்துக்குள் பால், மறந்துவிடாதே.

மாப்பிள்ளையிடம் நான் எதுவும் கேட்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் எவ்வளவு என்று நீயே ஒரு வரி எழுது. 95க்கு மேல் என்றால் முதலில் உன் டாக்டரிடம் சொல், பிறகு எனக்கு எழுதலாம்.

அம்மா