தட்டுக்கு அடியில் தீக்குழம்பு இல்லை

ஐயா,

நிலநடுக்கச் செய்தி வரும்போதெல்லாம் ‘கண்டத்தட்டுகள் உருகிய குழம்பின் மேல் மிதக்கின்றன’ என்று எழுதுகிறீர்கள். அது தவறு. தட்டுக்கு அடியில் இருப்பதும் திடப்பாறைதான். கொல்லன் உலையில் பழுத்துச் சிவந்த இரும்பைப் பாருங்கள். உருகியிருக்காது, ஆனால் அடிக்கு வளையும். அந்தப் பாறையும் சுமார் 1,300 டிகிரி சூட்டில் அப்படித்தான் இளகி, மிக மெதுவாக நகர்கிறது. இறுக்கம் முடிந்து இளக்கம் தொடங்கும் எல்லையை நிலநடுக்க அலைகளை வைத்தே கணிக்கிறார்கள். ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தாரும் ஜெர்மானிய விஞ்ஞானிகளும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவுக்கு அடியில் அது சுமார் 100 கி.மீ. ஆழத்திலேயே வந்துவிடுகிறது. இந்தியாவும் ஒட்டியிருந்து பிரிந்த கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்தின் மற்ற துண்டுகளில் 180 முதல் 300 கி.மீ.! நம் தட்டு அவ்வளவு வேகமாக வடக்கே ஓடியதற்குத் தட்டின் இந்த மெலிவே காரணம் என்பது அவர்கள் கருத்து. உங்கள் செய்தியை மாணவர்களும் படிக்கிறார்கள். அடுத்த முறை திருத்திப் போடுங்கள்.

– ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், திருச்சி