தலைப்பில் சுனாமி வேண்டாம்

ஆசிரியருக்கு,

தேங்காய் விலை ஏறினால் "விலைச் சுனாமி", கட்சிக்குள் நாலு பேர் முறைத்துக்கொண்டால் "அரசியல் சுனாமி", கிரிக்கெட்டில் விக்கெட்டுகள் சரிந்தாலும் அதே சொல்தான். தலைப்புப் போடுகிறவர்களுக்கு இது வெறும் அலங்காரமாகத் தெரியலாம், ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது எங்கள் அம்பாறை மாவட்டம்; பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் காரைதீவிலும் காலையில் தேத்தண்ணிக் கடையில் உங்கள் பத்திரிகையை விரிக்கிறவர்களில் பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். "சூறாவளிப் பிரசாரம்" என்பதும் அப்படித்தான், 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டதைக் கண்ணால் கண்டவர்கள் இங்கே இன்னும் பலர். தயவுசெய்து நிறுத்துங்கள். விலை ஏறினால் எத்தனை ரூபாய் ஏறியது என்று போடுங்கள், கட்சி உடைந்தால் யார் விலகினார், ஏன் விலகினார் என்று எழுதுங்கள்.

வாசகர், கல்முனை