"தானாக நடக்கும்" என்றீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, காரில் பாரிஸ் போவது பற்றிய கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் பொழுது போகாமல். இரண்டாம் தரம், அந்த வசனம் உண்மையாகவே அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க. அச்சாகித்தான் இருந்தது: "டோவரில் காரைக் கப்பலில் ஏற்றிவிட்டால் போதும், மிச்சமெல்லாம் தானாக நடக்கும்."

பத்து வருடத்தில் ஒன்பது தரம் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலிருந்து பிரான்சின் கலே துறைமுகத்துக்குக் காரில் போய் வந்தவன் நான். தானாக நடந்தது என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. கார் அலாரம்.

கடல் கொஞ்சம் ஆடினாலே, யாரோ தன்னைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று கார் நினைத்துவிடும். அந்த அசைவுக் காவலை நிறுத்திவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும். எப்படி நிறுத்துவது என்பது காருடன் தந்த கையேட்டில் இருக்கும். ஆனால் அதை வீட்டிலிருக்கும்போதே பார்த்திருக்க வேண்டும். கார்கள் நிற்கும் தளத்தைக் கப்பல் புறப்பட்டதும் பூட்டிவிடுவார்கள். கீழே போகவே முடியாது. நான் மேலே கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஒன்றரை மணித்தியாலமும் என் கார் விட்டு விட்டுக் கத்தியிருக்கிறது. கலேயில் இறங்கிப் போய்ப் பார்த்தால் பட்டரி செத்துக் கிடந்தது. எனக்குப் பின்னால் ஒரு வரிசைக் கார்கள். கப்பல் ஊழியர் ஒருவர் வயரைக் கொண்டுவந்து கொழுவி ஸ்டார்ட் பண்ணித் தந்தார். அவர் சொன்ன பிரெஞ்சு எனக்கு விளங்கவில்லை. முகம் விளங்கியது.

சரி, அதை விடுங்கள். கட்டுரையுடன் நீங்கள் போட்ட படத்துக்கு வருகிறேன். காரின் பின்பக்கம் அது எந்த நாட்டுக் கார் என்று காட்டும் வெள்ளை ஸ்டிக்கர், அதில் 'ஜிபி' என்று கறுப்பு எழுத்து. 2021 செப்டம்பர் 28ஆம் திகதியிலிருந்து வெளிநாட்டில் அது செல்லாது, 'யூகே' என்று இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஏனென்றால் அந்த ஒக்டோபரிலேயே நான் உங்களுக்கு எழுதினேன். இலக்கத்தகட்டிலேயே 'யூகே' இருந்தால் பிரான்சுக்கு அது போதும், ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் தனியாக ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டும் என்பதையும் அதில் சொல்லியிருந்தேன். அந்தக் கடிதம் இதழில் வரவில்லை. அதே மாதம் அப்பம் செய்முறையில் உப்பு விடுபட்டுப் போனதற்குப் பெட்டி கட்டித் திருத்தம் வந்திருந்தது. உப்பில்லாத அப்பத்துக்கு யாரும் அபராதம் விதித்ததாக நான் கேள்விப்படவில்லை.

காரில் வைத்திருக்க வேண்டியவை என்று நீங்கள் போட்ட பட்டியலிலும் அதே கதைதான். மூச்சில் மதுவை அளக்கும் ஊதுகுழல் "கட்டாயம்" என்று இந்த வருடமும் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பிரெஞ்சுச் சட்டம் 2012இல் வந்தது. வைத்திருக்காதவருக்குக் கடைசிவரை அபராதமே விதிக்கவில்லை. 2020இல் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். உங்கள் பேச்சை நம்பி வாங்கிய இரண்டு குழல்கள் இன்னும் என் காரில், திகதி முடிந்து கிடக்கின்றன. இவ்வளவுக்கும் நான் கலியாண வீட்டில்கூடத் தோடம்பழச் சாறு குடிக்கிற ஆள்.

தேவையில்லாததைக் கட்டாயம் என்று எழுதிவிட்டு, கட்டாயமானதை "மஞ்சள் அங்கி, முக்கோணம் முதலியவற்றை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அந்த 'டிக்கியில்' என்ற சொல்லுக்கு நான் 90 யூரோ கட்டியிருக்கிறேன்.

2022ஆம் ஆண்டு. பிரான்சின் ஏ16 நெடுஞ்சாலையில் அப்வில் ஊருக்குக் கிட்ட முன் டயர் வெடித்துவிட்டது. ஓரமாக நிறுத்தினேன். பெரிய லொறிகள் பக்கத்தால் போகும்போது கார் முழுக்க ஆடும், அப்படியான இடம். அங்கி டிக்கியில், அதற்கு மேல் இரண்டு சூட்கேஸ், அதற்கும் மேல் அக்காவுக்கென்று கொண்டுபோன இடியப்ப உரலும் தட்டுகளும். இறங்கிப் போய் ஒவ்வொன்றாக எடுத்துத் தாரில் வைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் பொலிஸ் வந்து நின்றது. காரை விட்டு இறங்குவதற்கு முன்பே அங்கி உடம்பில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். 135 யூரோ அபராதம், அந்த இடத்திலேயே கட்டினால் 90. கட்டினேன். அங்கி ஆசனத்துக்குக் கீழே இருந்திருந்தால் இந்தக் கடிதம் ஒரு பந்தி குறைந்திருக்கும்.

அதோடு முடியவில்லை. இங்கே நாம் பணம் கட்டி வைத்திருக்கும் இழுவைச் சேவையைப் பிரெஞ்சு நெடுஞ்சாலைக்குள் கூப்பிட முடியாது. தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, வழி நெடுக வைத்திருக்கும் செம்மஞ்சள் நிறத் தொலைபேசியில்தான் கூப்பிட வேண்டும். அந்தத் துண்டு வீதிக்கு அனுமதி பெற்ற வண்டிதான் வரும். காசை நாம் கட்டிவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்க வேண்டும். இப்போது வரும் பல கார்களில் மாற்றுச் சில்லே கிடையாது, நுரை அடிக்கிற குப்பி மட்டும்தான் இருக்கும். வெடித்த டயருக்கு அது எதற்கு உதவும்?

இன்சூரன்ஸ் கதையும் இதே பயணத்தில்தான் தெரியவந்தது. வெளிநாட்டில் இன்சூரன்ஸ் உண்டு என்று காட்டும் பச்சை அட்டை 2021 ஓகஸ்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தேவையில்லை என்று நீங்கள் எழுதியது சரி. (ஒன்றாவது சரியாக இருந்ததில் எனக்கும் சந்தோஷம்.) ஆனால் அட்டை தேவையில்லை என்பதற்காக முழுக் காப்பும் கூடவே கப்பலேறி வந்துவிடாது. மற்றவனுக்கு நாம் செய்யும் சேதத்துக்கான அடிப்படைக் காப்பு உண்டு. நம் காருக்கு உண்டா, எத்தனை நாளுக்கு என்பதைப் போவதற்கு முன் கேட்க வேண்டும். நான் வீதியோரத்தில் நின்றுதான் கேட்டேன். மறுமுனையில் இருந்த பிள்ளை, தான் நெடுக வாசிக்கிற பந்தி போல ஒரே மூச்சில் "இல்லை" என்று சொல்லி முடித்தது.

லைட்டைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. இங்கே நாம் இடப்பக்கம் ஓடுவதால் நம் கார்களின் லைட் இடது கரையைப் பார்த்து உயர்ந்து விழும். அங்கே வலப்பக்கம் ஓடும்போது அது எதிரே வருகிறவனின் கண்ணுக்குள் போகும். புதுக் கார்கள் சிலவற்றில் திரையிலேயே மாற்றலாம். என்னுடையதுக்குக் கண்ணாடியில் ஒட்டும் துண்டுதான். ஒருமுறை டோவர் வரிசையில் மழைக்குள் நின்று ஒட்டினேன். ஈரக் கண்ணாடியில் அது பிடிக்கவே இல்லை. எந்தக் காருக்கு எந்த இடம் என்று படம் போட்ட தாளோ மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. மனைவி தன் சால்வையால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தர, நான் குத்துமதிப்பாக ஒட்டினேன். அன்றிரவு எதிரே வந்த ஒவ்வொருவனும் லைட்டை அடித்து அடித்துக் காட்டிக்கொண்டு போனான். "தெரிஞ்ச ஆக்கள் போல கிடக்கு" என்றா மனைவி.

அவவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நம் காரில் ஸ்டியரிங் வலப்பக்கம், அங்கே சுங்கச் சாவடியின் பெட்டி இடப்பக்கம். சீட்டை இழுப்பதும் கார்டைப் போடுவதும் பக்கத்தில் இருக்கிறவரின் வேலை. அவவின் கை எட்டாது. பெல்ட்டைக் கழற்றி, பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே விட்டு, பின்னால் ஹோர்ன் அடிக்க அடிக்க அந்தச் சீட்டைப் பிடுங்குவா. ஒன்பது பயணமும் அப்படித்தான். உங்கள் கட்டுரையாளருக்குத் தானாக நடந்ததென்றால் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் யார் என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.

என் மச்சானும் எல்லாம் தெரிந்த ஆள்தான். பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று கிளம்பினார். முடிகிற திகதி மட்டும் போதாது, எடுத்துப் பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது. பிரெஞ்சு அதிகாரிகள் டோவரிலேயே இருந்து பார்ப்பதால் கடலைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

கடைசியாக, ரோல்ஸ். "வழிக்குக் கொஞ்சம் ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுற்றிக்கொண்டால் பயணம் களைகட்டும்" என்று கட்டுரையை முடித்து, வண்ணப்படமும் போட்டிருந்தீர்கள். பிரித்தானியாவிலிருந்து பிரான்சுக்குள் இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக் கூடாது என்பது 2021 தொடக்கம் சட்டம். 2025 ஏப்ரலில் கோமாரி நோயைக் காட்டி அங்கிருந்து இங்கே கொண்டுவருவதையும் தடுத்துவிட்டார்கள். இது எனக்கு எப்படித் தெரியும்? 2023இல் பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்னேவில் இருக்கும் அக்கா வீட்டுப் பிறந்தநாளுக்கு மனைவி நாற்பது ரோல்ஸ் பொரித்து, இரண்டு ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கி, மேலே சமையலறைத் தாளும் போட்டுக் கொண்டுவந்தா. கலேயில் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். கையுறை போட்ட ஒரு அதிகாரி டப்பாவைத் திறந்து, மணந்து பார்த்து, தொட்டிக்குள் கவிழ்த்தார். இன்னும் சூடு ஆறவில்லை. பாரிஸில் லாச்சப்பல் வந்து சேரும்வரை மனைவி வாய் திறக்கவில்லை. பிறகு ஒரே ஒரு வசனம்: "அந்த மனுசன் ஒண்டையாவது திண்டிருந்தா மனம் ஆறியிருக்கும்."

இதை எல்லாம் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. உங்களுக்கு இடப்பற்றாக்குறை என்பது தெரியும். நகைக்கடை விளம்பரம் நான்கு பக்கம் போகிறது. ஓகஸ்ட் கடைசியில் லாச்சப்பல் பிள்ளையார் தேருக்கு இங்கிருந்து எத்தனை குடும்பம் காரில் போகிறது என்பதும் நீங்கள் அறிந்ததே. அதற்கு முந்திய இதழில், அப்பத்துக்குக் கட்டிய அளவில் ஒரு பெட்டி போதும்: ஸ்டிக்கர் 'யூகே', ஊதுகுழல் வேண்டாம், அங்கி ஆசனத்துக்குக் கீழே.

ரோல்ஸ் படத்தை இனிமேல் போடவேண்டாம் என்று மனைவி தனியாகச் சொல்லச் சொன்னா.

இப்படிக்கு,
பதினாறு வருடச் சந்தாதாரர்,
ஹாரோ, லண்டன்