ஏறினதும் வேண்டாம், இறங்கினதும் போன் எடு

கல்லடி, மட்டக்களப்பு
மார்கழி மாதம்

அன்பு மகளுக்கு,

சுவிசிலிருந்து நீ அனுப்பிய வீடியோவை ஏழெட்டுத் தரம் பார்த்துவிட்டேன். அம்மா ஒரு தரம்தான் பார்த்தாள், அதுவும் பாதி. போனை என் கையில் தந்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி வெள்ளை மதிலாக நிற்கிறது, நடுவில் உன் நீலச் சுபாரு கார், பக்கத்தில் இருக்கிற பிள்ளை "போ, போ" என்று கத்துகிறாள், நீ சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வெல்லாவெளி வயலில் பெரியப்பாவின் உழவு மெசினை முதன்முதலாகத் தனியே ஓட்டி வரம்பை உடைத்தாயே, அன்றைக்குச் சிரித்ததும் இதே மாதிரித்தான்.

காரைப் பற்றி எனக்குக் கோபம் இல்லை. 300 குதிரைவலு, டர்போ, ஆறு கியர், பொனட்டில் மூக்கு மாதிரி ஒரு ஓட்டை. என் சம்பளத்தில் நான் கனவிலும் வாங்காத சாமான். சுபாரு என்றால் ஜப்பான் மொழியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டமாம், அதனால்தான் முன்னால் ஆறு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். ஆறு கார்த்திகைப் பெண்கள் என்று சொன்னதும் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. சித்தாண்டி முருகனுக்கு நேர்த்தி வைத்தாயிற்று. முருகன் தன் பங்கைப் பார்த்துக்கொள்வார், உன் பங்கைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வீடியோவில் நீ ஏறும்போது எனக்குப் பயம் வரவில்லை. யூலியர் கணவாய் 2284 மீற்றர். நுவரெலியாவை விட 400 மீற்றருக்கு மேல் உயரம், பிதுருதலாகலையின் உச்சிக்குக் கொஞ்சம்தான் குறைவு. அதில் உன் கார் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுகிறது. வயிற்றைக் கலக்கினது கடைசி இருபது செக்கன்தான். உச்சி தாண்டி இறங்குகிறாய், முன்னால் ஒரு லொறியின் பின் விளக்கு பெரிசாகிக்கொண்டே வருகிறது, இஞ்சின் சத்தமோ தாலாட்டுப் போல அமைதியாகக் கேட்கிறது. இறக்கத்தில் இஞ்சின் பிடிக்கவே இல்லை. நாலாம் கியரா, ஐந்தா? கேட்டால் "அப்பா, நாலு சில்லும் இழுக்கிற கார்" என்கிறாய்.

இழுக்கிறதுதான், மகள். யார் இல்லையென்றது?

சுனாமிக்குப் பிறகு, 2005இல், ஒரு தொண்டு நிறுவனத்தில் நான் வெள்ளை டபுள் கப் பிக்கப் ஓட்டினது உனக்கு நினைவிருக்கும். ஒரு நாள் நல்ல மழை. படுவான்கரைப் பக்கம் செம்மண் கிறவல் றோட்டில் ஒரு குளக்கட்டு ஏற்றம். ஓட்டோக்கள், ஒரு வான், எல்லாம் அடியில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. நான் நாலு சில்லையும் இழுக்கப் போட்டேன், ஒரே இழுவையில் மேலே. பின்னால் இருந்த பையன்கள் விசில் அடித்தார்கள். எனக்கும் தலை கொஞ்சம் பெருத்துவிட்டது. அதே மிதப்பில் மறுபக்கம் இறங்கினேன். கீழே ஒரு மாடு. பிரேக்கை மிதித்தேன், ஸ்டியரிங்கை ஒடித்தேன். சில்லு திரும்பினதை நான் கண்ணால் பார்த்தேன், வாகனம் திரும்பவில்லை. வாய்க்காலைத் தேடிப் போகிற எருமை மாதிரி நேரே போய் இறங்கியது. ஒருவருக்கும் காயம் இல்லை, மாடும் தப்பியது. உழவு மெசின் கொண்டுவந்து எங்களை இழுத்த ஆள் கயிற்றைக் கட்டிக்கொண்டே சொன்னான்: "அண்ணே, ஏறக்குள்ள நாலு சில்லு, இறங்கக்குள்ள ஒரு சில்லும் இல்ல."

இருபது வருசமாகியும் அதை விடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இஞ்சினின் வலுவை நாலு சில்லுக்கும் பிரித்துக் கொடுப்பது, புறப்படவும் ஏறவும் உதவும். நிற்பது என்று வந்தால் எல்லாக் காருக்கும் நாலு சில்லிலும்தான் பிரேக். பக்கத்து வீட்டுக் கிழவியின் சின்னக் காருக்கும் உன் காருக்கும் அதில் வித்தியாசமே இல்லை. அவளுடைய கார் புறப்படும்போதே சில்லு சுற்றி, "இன்றைக்கு வழுக்குது, கவனம்" என்று சொல்லிவிடும். உன் கார் சொல்லாது. அலுங்காமல் புறப்பட்டு, வேகமும் எடுத்துத் தந்துவிட்டு, முதல் வளைவில்தான் உண்மையைச் சொல்லும். அதனால் நீயே கேட்டுப் பார்க்க வேண்டும். பின்னால் யாரும் இல்லாத நேரான இடத்தில், மெதுவாகப் போகும்போது, பிரேக்கை ஒருக்கால் அழுத்திப் பார். சில்லு இறுகிவிடாமல் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கிற ஏ.பி.எஸ். எவ்வளவு சீக்கிரம் காலுக்குள் கடகடக்கிறது என்பதை வைத்து அன்றைய றோட்டின் குணம் தெரிந்துவிடும். உண்மையிலேயே நிற்க வேண்டி வந்தால், அது கடகடக்கிறதே என்று காலை எடுக்காதே. அழுத்தினபடியே வைத்திரு.

நமக்குப் பனி என்றால் எல்லாம் பனிதான். விடியற்காலையில் முருங்கை இலையில் நிற்பதும் பனி, நுவரெலியாவில் முன்னால் போகிற லொறியை மறைப்பதும் பனி, உன் ஊரில் கொட்டுவதும் பனி. றோட்டுக்கு அப்படி இல்லை. கல்லடியில் ஒருவர் இருக்கிறார், சூரிச்சில் இருபத்தைந்து வருசம் டெலிவரி வான் ஓட்டிவிட்டு வந்தவர். பின்னேரங்களில் அவரோடுதான் பாலத்தடியில் நிற்பேன். புதிதாக விழுந்த, காலில் நறுக்கென்று நொறுங்குகிற பனியில் ரயருக்குக் கொஞ்சம் பிடி இருக்குமாம். வாகனங்கள் மிதித்து மிதித்து மினுங்க வைத்த பனி, அதுவும் பூச்சியப் பாகையை ஒட்டி மேலே ஈரம் கசிகிற நேரம், அதுதான் மோசமாம். அதைவிடக் கள்ளன், கண்ணுக்குத் தெரியாத ஐஸ். வெயில் படாத வளைவிலும் பாலத்திலும் ஒளிந்திருக்கும். பாலம் ஏன் என்று கேட்டேன். "இந்தப் பாலத்தில் நின்றே கேட்கிறீங்களே" என்று சிரித்தார். மேலேயும் காற்று, கீழேயும் காற்று. மண் சூடு இல்லாததால் மற்ற றோட்டுக்கு முன்னால் பாலம் உறைந்துவிடும். வாவியில் மீன் பாடுகிறதா என்று காது வைத்துக் கேட்ட பாலத்தில் நின்று இதையும் படித்தேன்.

இறங்கும்போது வளைவுக்கு முன்னாலேயே, நேரான இடத்தில், வேகத்தைக் குறைத்து முடித்துவிடு. வளைவுக்குள் ரயருக்குத் திரும்புகிற வேலை மட்டும் கொடு. பிரேக்கும் பிடி, திரும்பவும் செய் என்றால் இரண்டையும் செய்யாது. இரண்டாம், மூன்றாம் கியரில் இஞ்சினே பிடித்துக்கொண்டு இறங்கட்டும். கியரைக் குறைக்கும்போது கிளச்சைத் தொப்பென்று விடாதே, அந்தக் குலுக்கலே போதும் சில்லு வழுக்க. முன்பக்கம் திரும்பாமல் நேரே போகிறது என்றால் இன்னும் ஒடிக்காதே. காலை மெதுவாக எடுத்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கினால் பிடி திரும்ப வரும். அன்றைக்கு நான் செய்யாதது அதுதான். டர்போ எழும்பி இஞ்சின் திடீரென்று வலு எடுக்கிற இடத்துக்கு வளைவுக்குள் போகவே போகாதே. இஞ்சின் குணத்தை மாற்றுகிற குமிழ் ஒன்று இருக்கிறதே, அதைப் பனியில் "ஐ" என்கிற சாந்தமான இடத்தில் விடு. அப்புறம் அந்த லொறி. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்தபின் நிற்கிற தூரம் நாலு மடங்கு, இது காய்ந்த றோட்டிலேயே உள்ள கணக்கு. ஐஸில் அதைப் பத்தால் பெருக்கினாலும் தப்பில்லை என்கிறார் வான்காரர்.

இவ்வளவும் ரயர் சரியாக இருந்தால்தான். "ரயர் எல்லாம் ஓகே அப்பா" என்று நீ சொன்னது எனக்குப் போதவில்லை. ஸ்போர்ட்ஸ் காரை விற்கிறவன் கோடைகால ரயரோடுதான் பளபளப்பாக நிறுத்தி வைத்திருப்பான். அந்த ரப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும், பனியில் அது மொட்டை ரயர்தான். நம் உழவு மெசினுக்குச் சேற்றில் இரும்புச் சில்லு மாட்டுவது எதற்கு? அந்த ஞாயம்தான் இதுவும். ரயரின் விலாவில் மலைப் படமும் அதற்குள் பனிப்பூவும் இருக்கிறதா பார். சுவிசில் பனிக்கால ரயர் போடத்தான் வேண்டும் என்று பொதுச் சட்டம் இல்லையாம். ஆனால் அது இல்லாமல் இடித்தால் பொறுப்பு உன் தலையில் வரலாம். ரயரின் பூ வெட்டு ஆழம் 1.6 மில்லிமீற்றர் இருந்தால் சட்டத்துக்குப் போதும், பனிக்கு 4 வேண்டும். நாலையும் ஒன்றாகவே மாற்று. இரண்டு புதிது, இரண்டு தேய்ந்தது என்று போட்டால் சில்லுகள் வேறு வேறு வேகத்தில் சுற்றி, முன்னுக்கும் பின்னுக்கும் வலுவைப் பிரித்துக் கொடுக்கிற நடு டிஃபரன்ஷியல் வீணாகிவிடும். அந்தச் செலவு உன் ஒரு மாதச் சம்பளத்தைத் தின்னும்.

சில்லில் மாட்டுகிற பனிச் சங்கிலி ஒரு சோடி டிக்கிக்குள் கிடக்கட்டும். நீல வட்டத்துக்குள் சங்கிலி போட்ட சில்லுப் படம் கண்டால், கீழே நாலு சில்லும் இழுக்கிற வாகனத்துக்கு விலக்கு என்று பலகை இருந்தால் சரி, இல்லையென்றால் அது உனக்கும்தான். எந்தச் சில்லில் மாட்டுவது என்று காரோடு வந்த புத்தகத்தில் பார், முற்றத்தில் ஒரு தரம் மாட்டிப் பழகு. ஒரு போர்வை, டோர்ச், சின்ன மண்வெட்டி. பனிக்குள் மாட்டிக்கொண்டு இஞ்சினை ஓட விட்டுக் குளிர் காய்வதென்றால், முதலில் இறங்கிப்போய் சைலன்சர் குழாயைச் சுற்றி உள்ள பனியைத் தோண்டிவிடு. குழாய் அடைத்தால் புகை உள்ளே வரும், மணமே இல்லாத நஞ்சு அது. இரவில் நிறுத்தும்போது கைப்பிரேக் உறைந்து பிடிக்கக்கூடும், கியரில் போட்டு நிறுத்து.

இங்கே நாலு நாளாக மழை. வாவி நிறைந்து கிடக்கிறது, கிணற்றில் கையால் அள்ளலாம். அம்மா வறுத்த கஜுவும் குரக்கன் மாவும் கட்டி வைத்திருக்கிறாள், தை மாதம் வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவோம்.

ரயரின் விலாவில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், மற்ற இரண்டும் வருசம். நாலு ரயரையும் கிட்டப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பு, நானே பார்க்கிறேன். இன்னொன்று, நீ எப்போதும் உச்சியில் நின்றுதான் எங்களுக்குப் போன் எடுக்கிறாய், காட்சி நல்லாயிருக்கிறது என்று. இனிமேல் கணவாயின் மறுபக்க அடியில் இருக்கிற சில்வாப்பிளானாவுக்கு இறங்கினபிறகு எடு. திரும்பி வரும்போது இந்தப் பக்கம் கீழே இருக்கிற தீஃபன்காஸ்டலில் நின்று எடு. இங்கே நாலரை மணித்தியாலம் கூட, நடுச்சாமம் தாண்டியிருக்கும். பரவாயில்லை, எடு.

அன்புடன்
அப்பா