இரண்டாவது வண்டி பற்றி அம்மிணிக்கு

வடவள்ளி, கோவை
13 ஜூலை 2025

அன்புள்ள அம்மிணி,

இரண்டாவதாக வாங்க நினைக்கும் வண்டிகள் என்று நீ அனுப்பிய பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டு நான்கு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். போனில் நான் சத்தம் போட்டதற்கு உன் அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு வண்டி?" என்று கேட்டேன் அல்லவா? பட்டறை நடத்திய காலம் முழுவதும் வாசலில் புல்லட் ஒன்றும் டிவிஎஸ் 50 ஒன்றும் நிறுத்தியிருந்த மனிதர் கேட்கிற கேள்வியா இது என்று மடக்கிவிட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவள் சொன்னது உண்மைதான். புல்லட் ஊட்டிக்கும் பழநிக்கும். காந்திபுரத்திலிருந்து உக்கடம் போய் ஒரு கேஸ்கெட் வாங்கி வர வேண்டுமென்றால் கை தானாக டிவிஎஸ் 50 சாவியைத்தான் எடுக்கும். பத்து நாளில் ஒன்பது நாள் ஓடியது அந்தச் சின்ன வண்டிதான். ஊருக்கெல்லாம் நான் புல்லட்காரன் என்று பெயர், அவ்வளவே.

போன அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் உன்னோடு இருந்தபோது நடந்ததும் நினைவில் இருக்கிறது. செங்குத்தான தெரு, ஸ்டாப் பலகை. நீ உன் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனை நிறுத்திக் காலை ஊன்றினாய், பள்ளமான பக்கத்தில். தரை கால் எட்டும் இடத்தில் இல்லை. 196 கிலோ வண்டி அவசரமே இல்லாமல் சாய்ந்து படுத்தது. வழியில் போன இருவர் தூக்கி நிறுத்தினார்கள். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் செய்து கடல் தாண்டி அனுப்பிய வண்டி, ஒரு நாற்சந்தியில் படுக்கவா அவ்வளவு தூரம் போனது என்று தோன்றியது. நெடும்பயணத்துக்கு அது நல்ல வண்டி. 17 லிட்டர் டேங்க், 21 அங்குல முன்சக்கரம் எல்லாம் பாலைவனத்துக்கும் மலைப்பாதைக்கும் சரி. காய்கறிக் கடைக்குப் போக அது எதற்கு? ஆகவே இரண்டாவது வண்டி வேண்டும் என்கிற வரைக்கும் உன் கட்சிக்கு வந்துவிட்டேன்.

சூப்பர்மோட்டோ என்று நீ சொன்னதும், மண்ணில் ஓடுகிற வண்டிக்குத் தார்ச்சாலை டயரை மாட்டி ஏமாற்றுகிறார்கள் என்றேன். படித்துப் பார்த்தால் விஷயமே அதுதான். 1979இல் உங்கள் கலிஃபோர்னியாவில், சான் டியாகோவுக்கு வடக்கே கார்ல்ஸ்பாட் பந்தயத் தடத்தில், ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காகத் தொடங்கியிருக்கிறார்கள். தார்ச்சாலைப் பந்தயக்காரன், மோட்டோகிராஸ்காரன், மண் வட்டத்தில் ஓட்டுகிறவன், இவர்களில் யார் கெட்டிக்காரன் என்று பார்க்கப் பாதி தார், பாதி மண்ணாக ஒரு தடம் போட்டு எல்லோரையும் ஒன்றாக இறக்கிவிட்டார்கள். முதல் ஆண்டு ஜெயித்தது கென்ட் ஹவர்டன் என்ற மோட்டோகிராஸ்காரர். 1985க்குப் பிறகு அமெரிக்காவில் அந்த நிகழ்ச்சி நின்றுபோக, பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு வளர்த்தார்கள். அதே 1979இல் நான் சோழவரத்தில், பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் நடக்கும் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பையன். இப்படி ஒரு பந்தயம் உலகத்தில் நடக்கிறது என்று தெரிந்திருந்தால் பட்டறையே வைத்திருக்க மாட்டேன். போகட்டும்.

ஊருக்குள் அது ஏன் நன்றாக ஓடும் என்பதை மெக்கானிக்காகச் சொல்கிறேன். மண் வண்டியின் நீண்ட சஸ்பென்ஷன் அப்படியே இருக்கிறது. பள்ளம், சாலை வேலைக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகடு எதையும் வண்டி பெரிதாக எடுத்துக்கொள்ளாது. சக்கரம் மட்டும் 17 அங்குலத்துக்கு இறங்கிவிட்டதால் நல்ல சாலை டயர் கிடைக்கிறது, வளைவில் சட்டென்று திரும்புகிறது. ஹேண்டில்பார் அகலம், உடம்பு ஒல்லி, உட்காரும் இடம் உயரம். முன்னால் நிற்கும் கார்களின் கூரைக்கு மேலே பார்த்து ஓட்டலாம். ஒரே சிலிண்டர், ஆகவே கீழ் வேகத்திலேயே இழுவை. ஒன்று மட்டும் மனதில் வை. பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்கி மூக்கைக் குத்தும். முதல் வாரம் அது உன்னைத் திடுக்கிட வைக்கும். பழுது என்று நினைத்து யாரிடமாவது கொடுத்துவிடாதே, அதன் பிறவிக் குணம் அது.

இனி உன் பட்டியல். முதலில் சுசுகி டிஆர்-இசட் 400எஸ்எம் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாய். 2005இல் வந்ததிலிருந்து ஏறக்குறைய இருபது ஆண்டு கார்புரேட்டரோடு ஓடிய வண்டி. எனக்கு மிகவும் பிடித்த ஜாதி, கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டலாம். ஆனால் சீட் 890 மில்லிமீட்டர் உயரம். உன் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். ஹிமாலயனில் சீட்டை மிகவும் தாழ்த்தி 825இல் வைத்துக்கொண்டுதான் அன்று விழுந்தாய். உட்கார்ந்தால் சஸ்பென்ஷன் அமுங்கும், சீட்டும் ஒல்லி, அதனால் எண் சொல்கிற அளவுக்குப் பயப்பட வேண்டாம் என்பது சரிதான். அமுங்குவது எடைக்குத் தகுந்த மாதிரி. உன் ஐம்பத்திரண்டு கிலோவுக்கு அது மரியாதைக்குக் கொஞ்சம் குனியும், அவ்வளவுதான். பின் சஸ்பென்ஷனின் லிங்க்கை மாற்றி வண்டியைத் தாழ்த்தலாம் என்று கடைக்காரர் சொல்வார். அப்படிச் செய்தால் முன் ஃபோர்க்கையும் அதே கணக்கில் இறக்க வேண்டும், சைடு ஸ்டாண்டைக் குட்டையாக்க வேண்டும். மறந்தால் வண்டி நேராக நிற்கப் பார்த்து மறுபக்கம் சாயும். இந்த வேலையை அரைகுறையாகச் செய்து என் பட்டறைக்கு வந்த வண்டிகளை எண்ண முடியாது.

கேடிஎம் 390 எஸ்எம்சி ஆர் படத்தைப் பார்த்ததும் எனக்கே கை அரித்தது. 45 குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சின். ஹிமாலயனுக்கு 40. யோசித்துப் பார், சின்ன வண்டி பெரிய வண்டியைவிட வலுவாக இருந்தால் எது இரண்டாவது? ஆறு மாதத்தில் ஹிமாலயன் தூசி படிந்து நிற்கும், நீ 9 லிட்டர் டேங்க்கோடு லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்புவாய். ஒரு வண்டியின் வேலையை இன்னொன்றிடம் வாங்கப் பார்த்தால் இரண்டும் பாழ். என் புல்லட்டை மீன் மார்க்கெட்டுக்கு ஓட்டிக் கிளட்ச் பிளேட் தீய்ந்ததும் டிவிஎஸ் 50இல் உன் மாமாவையும் ஏற்றிக்கொண்டு மருதமலை ஏறப் பார்த்ததும் நீ அறியாத கதைகள்.

நீ கடைசியில், பென்சிலால், ஒரு கேள்விக்குறியோடு எழுதியிருக்கிறாயே, கவாசாகி கேஎல்எக்ஸ் 230எஸ்எம், அதை வாங்கு. 233 சிசி, காற்றில் குளிரும் எஞ்சின். ரேடியேட்டர் இல்லை, ஆகவே விழுந்தால் உடைய ஒரு பொருள் குறைவு. எடை 135 கிலோ அளவில்தான். சீட் 845. அதன் அண்ணன் 300எஸ்எம் வலுவில் மேல், சீட்டோ 861, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் கிடையாது. 230இல் ஏபிஎஸ்ஸோடு கிடைக்கிறது. அந்த ஒரு காரணம் போதும் எனக்கு. ஹைவேயில் மூச்சு வாங்குமே என்பாய். வாங்கட்டும், அதற்குத்தான் வீட்டில் ஒன்று நிற்கிறதே. பே பிரிட்ஜ் தாண்டி ஓக்லாந்து போய்வர இது தாங்கும். 125 சிசி பக்கம் மட்டும் போகாதே. 150க்குக் குறைந்த வண்டிகளை உங்கள் ஊர் ஃப்ரீவேயில் விடமாட்டார்கள், பாலத்துக்கே போக முடியாது.

ஏபிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டு ஏன் தொங்குகிறேன் என்றால், உன் வீட்டுப் பக்கம் ஜூடா தெருவில் ஓடும் டிராம் தண்டவாளத்தைப் பார்த்தேன். காலைப் பனியில் அது எண்ணெய் பூசிய மாதிரி பளபளக்கிறது. அதை எப்போதும் குறுக்கே, முடிந்தவரை நேர்கோணத்தில் தாண்டு. தண்டவாளத்தின் மேல் சக்கரம் இருக்கும்போது பிரேக்கும் வேண்டாம், ஆக்சிலரேட்டரும் வேண்டாம். இதை நான் எங்கே கற்றேன் என்று கீழே சொல்கிறேன்.

பழைய வண்டிதான் என்று முடிவு செய்தால் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள் என்று. போனதும் முதல் வேலையாக எஞ்சினைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். இந்த ஜாதி வண்டிகளை ஒற்றைச் சக்கரத்தில் தூக்கி ஓட்டி வித்தை காட்டுகிறவர்கள் நிறைய. பின்னால் நம்பர் பிளேட் மாட்டும் இடம், மட்கார்டின் நுனி, ஃபுட்ரெஸ்ட்டின் முனை ஆகியவற்றில் தரையில் தேய்ந்த கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார். வெட்கப்படாதே, மண்டியிட்டே பார். முன் ஃபோர்க்கின் வழவழப்பான குழாயில் விரலை ஓட்டு, எண்ணெய் ஒட்டினால் சீல் போய்விட்டது. போல்ட்டுத் தலைகள் உருண்டிருந்தால் கைக்கு வந்தவர்களெல்லாம் ஸ்பேனர் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஸ்போக்குகளை ஒரு சின்ன ஸ்பேனரால் வீணைத் தந்தி மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டு. எல்லாம் ஏறக்குறைய ஒரே சுருதியில் பேச வேண்டும், டப்பென்று பேசுவது தளர்ந்தது. ட்யூப் இருக்கிற டயரா என்று கேட்டுக்கொள். இருந்தால் பஞ்சருக்கு வெளியிலிருந்து அடைக்கிற பட்டி உதவாது, கழற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டு ஆள் சேர்ந்தால் தூக்கி வேனில் போட்டுக்கொண்டு போய்விடக்கூடிய எடை, ஆகவே பூட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். சங்கிலியைச் சக்கரத்தில் மட்டும் போடாதே, சட்டத்தோடு சேர்த்து அசையாத எதிலாவது கட்டு. கார்களுக்கு நடுவே புகுந்து போவதைக் கலிஃபோர்னியாவில் 2016இல் சட்டம் போட்டே அனுமதித்திருக்கிறார்கள். கோவையில் வண்டி கற்றவளுக்கு அந்தக் கலையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நம் ஊரில் நீ நுழைவாய் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அங்கே எதிர்பார்க்க மாட்டார்கள்.

சரி, பாக்கி வைத்த கதை. 1987, மழைக்காலம். ஒரு வாடிக்கையாளரின் ஆர்எக்ஸ் 100. சர்வீஸ் முடித்து "ட்ரையல்" பார்க்க எடுத்தேன். ட்ரையலாவது ஒன்றாவது, லேசான வண்டி, கையில் எடுத்தால் சும்மா இருக்க முடியாது. ஒப்பணக்காரத் தெருவில் ஒரு பஸ்ஸை முந்தி, ஈரமான சாக்கடை மூடியின் மேல் முன் பிரேக்கைப் பிடித்தேன். காறை எலும்பு. வண்டிக்கு இண்டிகேட்டரும் டேங்க்கும் என் செலவு. உன் அம்மாவிடம் பட்டறைக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன்.

இதுவரை எழுதி மேஜையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்வந்தேன். உன் அம்மா படித்துவிட்டாள். "பட்டறையில் குளியலறை எங்கே இருந்தது?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். முப்பத்தெட்டு வருடம் தெரிந்தே வைத்திருந்திருக்கிறாள்.

நீ ஒன்று செய். சுவரோடு முதுகு ஒட்டி, செருப்பில்லாமல் நில். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே, சைக்கிள் சீட் இருப்பது போல, மேலே இடிக்கும் வரை ஏற்று. புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை மில்லிமீட்டரில் அள. ரைடிங் பூட்ஸின் அடிப்பாகம் எவ்வளவு தடிமன் என்றும் தனியாக அளந்துகொள். சனிக்கிழமை போனில் இரண்டு எண்ணையும் சொல். அதற்குள் கடைக்காரருக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா