தன் தசை ஆடும்

ராயபுரம்
மார்கழி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வந்து 20 நாளாகிவிட்டது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அவர் கூப்பிடுவார், பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். இப்போது தூங்குகிறார்.

நான் நன்றாக இருக்கிறேன். பெரியவனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. அண்ணன் மகள் நர்சிங் இரண்டாம் வருஷம், நம் வீட்டில் தங்கித்தான் படிக்கிறாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அவர் கால் விஷயத்தை உனக்குப் போனில் முழுசாகச் சொல்லவில்லை. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 61 நாளைக்குக் காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டிக்கிடக்கும். எஞ்சின் மெக்கானிக்குக்கு அதுதானே சீசன். அந்த அவசரத்தில் இடது பெருவிரலில் ஸ்பேனர் விழுந்த காயத்தை அவர் கவனிக்கவில்லை. சர்க்கரை உடம்பு. காயம் கறுத்து மேலே ஏறி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எடுத்து மூன்றாம் நாள் ராத்திரி, "சாந்தி, பெருவிரல் மடங்கிக்கிட்டு இருக்கு, கொஞ்சம் நிமித்தி விடு" என்றார். மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அதே பேச்சு. அஞ்சு விரலும் உள்ளே மடங்கி, நகம் பாதத்தில் குத்துகிற வலியாம். தூக்கமில்லாத ஒரு ராத்திரி, "இல்லாத காலை எப்படிங்க நிமித்துறது?" என்று கத்திவிட்டேன். ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மனசு ஆறவில்லை, விஜி.

பிசியோதெரபிக்கு வரும் பெண்தான் எனக்குப் புரியவைத்தாள். கால் போனாலும் மூளையில் காலுக்கென்று இருக்கிற இடம் போகாதாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களிடம் இதைப் பார்த்த வெயர் மிட்செல் என்ற டாக்டர், 1871-லேயே இதற்கு மாய உறுப்பு என்று பேர் வைத்துவிட்டார். வலியைக் குறைக்க ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து வழி கண்டுபிடித்தவர் யார் தெரியுமாடி? வி.எஸ். ராமச்சந்திரன். நம் ஸ்டான்லியில் டாக்டருக்குப் படித்தவர்! நாம் பள்ளிக்கூடம் போகும்போது தினம் தாண்டிப்போன அதே ஸ்டான்லி. கை இழந்த ஒருவருடைய கன்னத்தைப் பஞ்சால் தொட்டாராம், அந்த மனிதர் போன கையின் கட்டைவிரலைத் தொடுகிறீர்கள் என்றாராம். மூளையில் முகத்துக்கான இடமும் கைக்கான இடமும் அடுத்தடுத்து இருக்கின்றன. கையிலிருந்து சேதி வராமல் போனதும் பக்கத்து இடம் அங்கே பரவிவிடுகிறது என்பது அவர் சொன்ன விளக்கம்.

நாங்களும் பழைய டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைக் கழற்றி, அவர் இரண்டு தொடைக்கும் நடுவில் நீளவாட்டில் நிறுத்தினோம். வலது காலின் பிம்பம், இடது கால் இருக்க வேண்டிய இடத்தில் தெரிந்தது. வெடித்த குதிகால், கழுவினாலும் போகாத ஆயில் கறை, எல்லாம் அப்படியே. "வலது கால் விரலை மெதுவா மடக்கி விரிங்க, கண்ணாடியை மட்டும் பாருங்க" என்றாள் அந்தப் பெண். நாலைந்து தடவை செய்தார். திடீரென்று அவர் உதடு துடித்தது. "பிரியுது... விரல் பிரியுது சாந்தி." கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து உற்றுப் பார்த்து, "தழும்புதான் மாறி இருக்கு" என்றார். சின்ன வயசில் கிளிஞ்சல் கிழித்த தழும்பு அவருக்கு வலது காலில். கண்ணாடியில் அது இடது காலுக்கு வந்திருந்தது. அந்தத் தழும்போடேயே அதைத் தன் காலாக ஏற்றுக்கொண்டார்.

அப்போது எதேச்சையாகக் கீழே பார்த்தேன். தரையில் ஊன்றியிருந்த என் இடது கால் விரல்கள் அவரோடு சேர்ந்து மடங்கி விரிந்துகொண்டிருந்தன. நான் செய்யவில்லை, அதுவாக நடந்தது. 1990-களில் இத்தாலியின் பார்மா நகரத்தில் குரங்குகளை வைத்து ஆராய்ந்தவர்கள், ஒரு பொருளைத் தான் எடுக்கும்போது வேலை செய்கிற சில மூளைச் செல்கள், இன்னொருவர் எடுப்பதைப் பார்த்தாலும் வேலை செய்வதைக் கண்டார்களாம். மனிதர்களிடம் இது எதுவரைக்கும் போகும் என்று இன்னும் வாதம் நடக்கிறது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று ஆயா சொல்லும்போது நாம் அதை ரத்த சொந்தத்துக்கான பேச்சாக மட்டும் கேட்டோம். இவர் எனக்கு ரத்த சொந்தமா? 31 வருஷம் ஒன்றாகக் குடித்தனம் செய்தவர். என் தசை ஆடியது.

இனி எழுதப் போவதற்காகத்தான் இந்தக் கடிதமே.

இதையெல்லாம் ராத்திரி சாப்பாட்டில் பேசிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகள் தன் பாடத்தில் வந்த ஒன்றைச் சொன்னாள். வயிற்றில் குழந்தை இருக்கும்போது அதன் செல்கள் கொஞ்சம் நஞ்சுக்கொடியைத் தாண்டி அம்மாவின் ரத்தத்தில் கலக்கும். பிரசவத்தோடு எல்லாம் போய்விடுவதில்லை. ஆண்களுக்கே உரிய ஒய் குரோமோசோம் பெண் உடம்பில் கிடையாது, அதனால் அது ஒரு அம்மாவிடம் அகப்பட்டால் வேறொருவரிடமிருந்து வந்ததென்று தெரிந்துவிடும். 1996-ல் வந்த ஆராய்ச்சியில், ஆண் பிள்ளை பெற்று 27 வருஷம் ஆன பிறகும் அம்மாவின் ரத்தத்தில் அந்தச் செல்கள் இருந்தன. 2012-ல் வந்த இன்னொரு ஆராய்ச்சியில், இறந்துபோன 59 பெண்களின் மூளையைச் சோதித்ததில் 37 பேரிடம் ஆண் டிஎன்ஏ இருந்தது. பெரும்பாலும் மகனைச் சுமந்ததால் வந்ததாக இருக்கும் என்று கருதுகிறார்கள்.

27 என்று அவள் சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பாபு இருந்திருந்தால் இந்தத் தையில் அவனுக்கு 27.

அந்தக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோன பதினாறாம் நாள் நீ என் மடியில் படுத்துக்கொண்டு, "அவன் என் உடம்பை விட்டுப் போகலடி" என்று சொன்னாய். அப்படியெல்லாம் பேசாதே, மனசைத் தேத்திக்கோ என்றேன். நீ மூளை கலங்கிவிடுவாயோ என்று உள்ளுக்குள் பயந்தேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அவரிடம் கத்தியதும் உன் வாயை அடைத்ததும் ஒரே தப்பு. இருவரும் தங்கள் உடம்பில் உணர்ந்ததைத்தான் சொன்னீர்கள்.

உன் உடம்பில் அந்தச் செல் இருக்கிறதா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. இருந்தால் என்ன செய்கிறது என்பதும் இன்னும் தெளிவாகவில்லை என்கிறாள் இவள். எனக்கு அது போதும், விஜி. நீ அன்றைக்குச் சொன்னதை நான் நம்பியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் வந்து இரேன். மெட்ரோ இப்போது நம் பக்கம் வருகிறது, வண்ணாரப்பேட்டையில் வந்து கூட்டிக்கொள்கிறேன். வரும்போது பாபுவின் போட்டோ இருந்தால் எடுத்து வா, அந்த நீலச் சட்டை போட்டது. அவனைப் பற்றி நீ பேசு, நான் கேட்கிறேன்.

அவர் எழுந்துவிட்டார். கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.

உன்
சாந்தி